ஒரு நிமிடப் பேச்சு: ஜெலுத்தோங் மருமகள் ஒருவர் மலாய் பழகிய எட்டு மாதம்

"மாக்சிக் புவாசா தா?"

"தா, காமி ஹிந்து."

மாமியாரின் இரத்தப் பரிசோதனைக்காகக் காலை ஏழரை மணிக்கே வரிசையில் நின்ற மருமகள், மலேசியாவின் பினாங்கில் உள்ள மருந்தக (கிளினிக்) முகப்பில் தாதி மலாயில் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் இது. ரமலான் நோன்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லை, நாங்கள் இந்துக்கள்" என்றார். தாதி கேட்டதோ, அம்மா வெறும் வயிற்றுடன் வந்திருக்கிறாரா என்று. மாமியார் முந்தைய இரவு பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. காது மந்தமான அவர் மூன்று நாற்காலி தள்ளி அமர்ந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் தள்ளி வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

புவாசா என்பது உபவாசம் என்ற சொல்லின் வழிவந்தது. கும்பகோணம் பக்கத்தில் பிறந்து, ஏகாதசி உபவாசம் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அது அந்நியச் சொல்லே அல்ல. அவருடைய பதிலில் இன்னொன்றையும் கவனித்தேன். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'கீத்தா', விலக்கினால் 'காமி'. நம்முடைய நாம், நாங்கள் என்பதைப் போலவே மலாயிலும் இரண்டு உண்டு. அந்த வேறுபாடு இல்லாத மொழிகளிலிருந்து வருகிறவர்கள் இங்கே நெடுநாள் தடுமாறுவார்கள். இவர் யோசிக்காமலே சரியாகச் சொல்லியிருக்கிறார். சொல் இருந்தது, இலக்கணமும் இருந்தது. ஆனாலும் ஒரு மூதாட்டி பத்து மணி நேரம் பட்டினி கிடந்தது வீணாயிற்று. அந்த வாரமே என்னைத் தேடி வந்தார்.

நான் தமிழ்ப்பள்ளியில் மலாய் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆயர் ஈத்தாமில் என் வீட்டுக் கூடத்தில் பெரியவர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பெண்ணின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன், பெயரை விட்டுவிட்டேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 34. பினாங்குத் தமிழரை மணந்து, ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவருக்குப் பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. வீட்டில் தமிழ். காய்கறி வாங்கப் போகும் லிட்டில் இந்தியாவிலும் தமிழ். கோயிலில் தமிழ், வானொலியில் மின்னல் எஃப்.எம். நான்கு ஆண்டுகள் ஒரு நாட்டில் இருந்தும் அந்த நாட்டு மொழி காதில் விழாமல் வாழ முடியுமா என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் முடியும். அது நமக்குக் கிடைத்த பேறு. ஆனால் புதிதாக வருகிற மருமகள்களுக்கு அதுவே மதிற்சுவராகவும் ஆகிவிடுகிறது.

அவர் சோம்பேறி அல்ல. இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை நிரப்பியிருந்தார். மூன்றாம் ஆண்டு மலாய்ப் பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தடங்கலின்றி வாசித்துப் பொருளும் சொன்னார். பிறகு என் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மையார் புலனத்தில் அனுப்பியிருந்த குரல்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். (எங்கள் ஊரில் வாட்ஸ்அப்பைப் புலனம் என்போம்.) முக்கால் நிமிடம் ஓடும் அந்தப் பதிவு, மறுநாள் தன் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லும் சாதாரண அழைப்புதான்.

"டீச்சர், ஒன்றும் புரியவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்கிறது" என்றார்.

அதே பேச்சை எழுதிக் கொடுத்தேன். நான்கு சொற்களைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்த சொற்கள். அவர் கண்கள் கலங்கிவிட்டன. "இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதானா?"

ஆமாம், தெரிந்ததுதான். அந்தக் கணமே இந்த நிகழ்வின் முடிச்சு எனக்குப் பிடிபட்டது. இவருக்கு இனி ஒரு சொல்லைக்கூடப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைக் காதுக்கும் நாக்குக்கும் தெரியவைக்க வேண்டும். மொழி கற்பவர்களில் பெரும்பாலோர் புரியாதபோதெல்லாம் இன்னும் சொற்களைத் தேடி ஓடுகிறார்கள். அது தாகத்துக்கு உப்புத் தண்ணீர் குடிப்பது போன்றது என்று நான் அழுத்தமாகவே சொல்வேன்.

நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தோம்

அந்த நோட்டு முழுவதும் மலாய்ச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருந்தன. தமிழ் எழுத்து எனக்கு உயிர். ஆனால் மலாய் ஒலியைப் பிடித்துவைக்க அது ஏற்றதல்ல. 'பாகி' என்று அவர் எழுதியிருந்ததைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். காலை என்றார். 'பழம்' என்பதில் வரும் ப ஒலியில் தொடங்கினால்தான் அது காலை. 'பஸ்' என்பதில் வரும் ப ஒலியில் தொடங்கினால், கொடு. 'துவா' என்பதும் அப்படித்தான்: 'தலை'யின் த வந்தால் முதுமை, 'தர்மம்' என்பதன் த வந்தால் இரண்டு. தமிழில் ஓரெழுத்து இடத்துக்கேற்ப ஒலிமாறி நின்றுகொள்ளும். நமக்குக் குழப்பமே வராது. மலாயில் அந்த ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். நோட்டில் இரண்டு சொற்களும் ஒரே வடிவில் கிடந்ததால், அவர் காதும் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.

மலாய்க்காரர்கள் எழுதும் ரூமி (ரோமன்) எழுத்துக்கும் ஒரு குறை உண்டு. வாயை அகட்டாமல் மெல்ல விழுகிற 'எ பெப்பெட்', தெளிவாக ஒலிக்கும் 'எ தாலிங்' என்று இரண்டு உயிரொலிகள். இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதனால் போரும் பழுப்பு நிறமும் எழுத்தில் ஒரே 'பெராங்'. உதைப்பதும் அறைவதும் ஒரே 'செப்பாக்'. பெப்பெட் ஒலியை விளக்கக் குற்றியலுகரத்தைத்தான் துணைக்கு அழைத்தேன். 'காது' என்னும்போது கடைசி உகரம் எப்படிக் குன்றி ஒலிக்கிறதோ, அப்படி ஓர் அரைகுறை ஒலி சொல்லின் முதலிலேயே வருகிறது என்று நினைத்துக்கொள் என்றேன். பிடித்துக்கொண்டார்.

கெடாய் என்பது நம் கடை, காத்தில் நம் கட்டில், பெத்தி நம் பெட்டி, காப்பால் நம் கப்பல், மெம்பெலாம் நம் மாம்பழம் என்று உறவினர்கள் அவருக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். நல்ல பட்டியல், மனத்துக்கும் இதமானது. நினைவில் நிறுத்த உதவும். வேகமாக ஓடும் பேச்சில் அந்தச் சொல்லை அடையாளம் காண உதவாது. உதவியிருந்தால் புவாசாவுக்குள் இருந்த உபவாசத்தை அன்று அடையாளம் கண்டிருப்பார்.

ஒரே நிமிடம், ஒரு வாரம்

பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கேட்டுக்கொண்டேன். வாரம் ஒரு முறை, ஒரு நிமிடம், தனக்குத் தெரிந்த எதையாவது, யாரிடமோ பேசுவது போலத் தன் இயல்பான வேகத்தில் கைப்பேசியில் பேசித் தரச் சம்மதித்தார். முதல் பதிவு மீன் வாங்கப் போன கதை. இரண்டாவது பேரனின் காய்ச்சல். நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டாம் என்பது ஒன்றே என் நிபந்தனை.

திங்கட்கிழமை எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேட்பார். செவ்வாயன்று, காதில் விழுந்ததை மட்டும் ரூமி எழுத்தில் எழுதுவார். விழாத இடத்தில் கோடு. புதனன்று முழு வடிவத்தைக் கொடுப்பேன். கோடு விழுந்த இடங்களில் எழுத்து என்ன சொல்கிறது, வாய் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இந்தப் புதன்கிழமைகள்தான் எங்கள் உண்மையான பாடம். வியாழனிலிருந்து பதிவோடு சேர்ந்து, அரை நொடி பின்தங்கி, நிழல் போலத் தொடர்ந்து அவரும் பேசுவார். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே செய்வேன் என்று சொன்னபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

புதன்கிழமைகளில் என்ன கண்டோம்? பாடநூலில் 'சூடா' (ஆகிவிட்டது) என்று இருப்பது வாயில் 'டா' ஆகிறது. 'ஹெண்டாக்' (வேண்டும்) என்பது 'நா' ஆகிறது. 'தீடாக்' (இல்லை) வெறும் 'தா'. இவை நாடு முழுவதும் உண்டு. அதற்கு மேல் எங்கள் வடபுலத்துப் பேச்சு வேறு. போ என்பதற்குப் பாடநூலில் 'பெர்கி', இங்கே 'பி'. ஏன் என்பதற்கு 'மெங்ஙாப்பா', இங்கே 'ஆவாட்'. அவர்கள் என்பது 'டெப்பா', வா என்பது 'மாய்'. ரகரத்தில் முடிய வேண்டிய சொற்கள் தொண்டைக்குள் போய் முடியும். தண்ணீர் 'ஆயாக்' என்று கேட்கும். ஐம்பது சென் என்பதைச் சந்தையில் 'லீமா கூப்பாங்' என்பார்கள், ஒரு கூப்பாங் பத்து சென். "ஆவாட் ஹாங் தா பி?" (நீ ஏன் போகவில்லை?) என்று ஒருவர் கேட்டால், பாடநூலில் மட்டும் மலாய் படித்தவருக்கு அதில் ஒரு சொல்கூடத் தட்டுப்படாது.

இதைக் கண்டு அவர் சோர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். நேர்மாறாக, "நம் தமிழும் இப்படித்தானே டீச்சர்! புத்தகத்தில் ஒன்று, வாயில் ஒன்று" என்றார். இரட்டை வழக்குள்ள மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் இந்த அறிவை மொழி வகுப்புகள் ஏன் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவைத்தேன். நீ என்று பொருள்படும் 'ஹாங்' புரிந்தால் போதும், பெரியவர்களிடம் சொல்லிவிடாதே. மரியாதைக்கு மாக்சிக், பாக்சிக், காக், ஆபாங் என்று உறவுமுறை சொல்லித்தான் மலாய்க்காரர்கள் பேசுவார்கள். அத்தை, மாமா, அக்கா, அண்ணன் என்று பழகியவருக்கு அதுவும் சொந்த வீடு போலத்தான் இருந்தது.

பிரேசிலில் போர்ச்சுகீசியம் கற்றுக்கொண்ட மொழியறிஞர் ரிச்சர்ட் ஷ்மிட் தன் நாட்குறிப்பை வைத்து 1986இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சுற்றியிருப்பவர்கள் பேச்சில் ஒரு வடிவத்தைத் தான் உணர்ந்து கவனித்த பிறகே அது தன் பேச்சிலும் வரத் தொடங்கியது என்று அதில் காட்டினார். எங்கள் புதன்கிழமைக் கோடுகள் செய்ததும் அதே வேலைதான். கோடு விழுந்த இடம் அடுத்த வாரம் தானாகவே காதைத் தட்டியது.

நான் செய்த தவறு

பேச்சுப் பயிற்சியை முதல் வாரமே தொடங்கினேன். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் திருத்தினேன். 'சாயா பூஞா ரூமா' என்றால், 'ரூமா சாயா' என்று சொல் என்பேன். என் வீடு என்ற தமிழ் வரிசைக்குப் 'பூஞா' சேர்த்த சந்தை மலாய் வாகாக இருக்கிறது; சீனக் கடைக்காரர்களிடமும் அதையே கேட்டிருக்கிறார். நான் திருத்தத் திருத்த அவர் வாக்கியங்கள் குறுகின. மூன்றாம் வாரம் ஆம், இல்லை என்ற அளவுக்கு வந்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளிடம் பழகிய பழக்கத்தைப் பெரியவரிடம் காட்டியது என் பிழை. அதன்பின் நான்காம் மாதம் முடியும்வரை எதையும் திருத்தவில்லை. பொருள் கெடும் இடத்தில் மட்டும் குறுக்கிட்டேன். அப்படி ஓர் இடம் 'பெலும்'. மாமியார் மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டால் 'தீடாக்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை என்று அது முடிந்துபோகும். இன்னும் இல்லை, இனிமேல்தான் என்பதற்குப் 'பெலும்'. மருந்தகத்தில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது.

மூன்றாம் மாதம் அவரை ஒரு குழு வகுப்பில் சேர்த்துவிட்டதும் பயன்படவில்லை. தொலைக்காட்சி நாடகங்களும் அப்படியே: முகபாவத்தை வைத்துக் கதையைப் பிடித்துக்கொண்டார், பேச்சைப் பிடிக்கவில்லை.

ஒரே கதை, மூன்று செவிகள்

கேட்டலில் முன்னேற்றம் தெரிந்தும் பேச்சு பின்தங்கியே இருந்தது. கனடாவில் பிரெஞ்சு வழியாகவே பாடங்களைப் படித்த ஆங்கிலப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டும் பேச்சில் பின்தங்கியிருந்ததைக் கண்ட மெரில் ஸ்வேன், கேட்பது மட்டும் போதாது, தானே சொல்லை உருவாக்கித் தள்ளும் முயற்சியும் வேண்டும் என்று 1985இல் எழுதினார். என் மாணவியின் நிலை அதற்குச் சரியான சான்று.

கீத் மாரிஸ் 1983இல் முன்வைத்து, நியூசிலாந்தின் பால் நேஷன் பிறகு சோதித்துப் பார்த்த பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரே செய்தியை ஒருவரிடம் நான்கு நிமிடம், இன்னொருவரிடம் மூன்று நிமிடம், மற்றொருவரிடம் இரண்டு நிமிடம் சொல்வது. கேட்பவர் மாறுவதால் திரும்பச் சொல்வது செயற்கையாக இருக்காது. நேரம் குறைவதால் தயக்கம் உதிர்ந்துவிடும். நாங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த வாரத்துக் கதை எதுவோ, அதை முதலில் என்னிடம் சொல்வார். பிறகு கீழ்வீட்டு மலாய்ப் பெண்ணிடம். மூன்றாவதாகக் காலையில் குவே (மலாய்ப் பலகாரம்) விற்கும் மாக்சிக்கிடம். பின்னால் ஆட்கள் நிற்பதால் அங்கே தானாகவே சுருக்கம் வந்துவிடும்.

மாமியாரின் இரத்தப் பரிசோதனை வீணான கதையையே முதலில் தேர்ந்தெடுத்தார். நான் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னபோது பாதியில் நின்று தமிழுக்கு மாறினார். கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னபோது அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு, 'பெருட் கோசோங்', வெறும் வயிறு, என்ற தொடரை எடுத்துக் கொடுத்தாராம். குவே கடையில் அதே தொடரை இவரே சொல்லிவிட்டார். மூன்று நாளில் ஒரு தொடர் அவருடையதாகிவிட்டது. அதை எந்த அட்டவணையிலிருந்தும் நான் கொடுத்திருக்க முடியாது.

இங்கே பெருந்தடை எது என்றால், நல்லெண்ணம்தான். தடுமாறினால் மலாய்க்காரர் ஆங்கிலத்துக்கு மாறுகிறார். நாசி கண்டார் என்னும் தமிழ் முஸ்லிம் சோற்றுக் கடைக்காரர் தமிழுக்கு மாறுகிறார். உதவ வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். அதைத் தடுக்க மூன்று வாக்கியங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி பழக்கினேன். "சாயா தெங்ஙா பெலாஜார், தோலோங் சாகாப் மெலாயு." கற்றுக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து மலாயில் பேசுங்கள். "பெர்லாஹான் சீக்கிட்." கொஞ்சம் மெதுவாக. "ஆப்பா மாக்சூட்ஞா?" அதற்கு என்ன பொருள்? இந்த மூன்றும் கையில் இருந்தால் உரையாடல் அறுந்துபோகாது. முதல் முறை சௌராஸ்தா சந்தையில் சொன்னபோது மீன் விற்கும் பெரியவர் சிரித்துவிட்டு, ஒவ்வொரு மீனின் பெயரையும் மலாயில் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினாராம்.

வீட்டிலும் ஒரு மாற்றம் நடந்தது. மாமியார் இளமையில் மலாய்க்காரக் குடும்பங்களோடு வளர்ந்தவர். மாலை ஆறு முதல் அரை மணி நேரம் மருமகளிடம் மலாயில் மட்டும் பேச ஒப்புக்கொண்டார். காது மந்தம் என்பதால் மருமகள் ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பாகி, துவா எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் சரியாயின. நான் திட்டமிட்ட பயிற்சிகள் எதையும் விட இது அவர் உச்சரிப்பைத் திருத்தியது என்று நம்புகிறேன்.

எட்டாம் மாதம்

அதே மருந்தகம், வேறு தாதி. இந்த முறை மாமியார் அருகிலேயே அமர்ந்திருக்க, மருமகள் பேசியதை அன்று மாலையே எனக்குக் குரல்பதிவாக அனுப்பினார்.

"மாக்சிக் புவாசா டாரி பூக்கோல் பெராப்பா?" எத்தனை மணியிலிருந்து?

"டாரி பூக்கோல் செபூலோ மாலாம் தாடி." நேற்றிரவு பத்து மணியிலிருந்து.

"ஆயாக் கோசோங் ஆடா மீனும்?" வெறும் தண்ணீர் குடித்தாரா?

"ஆடா, சீக்கிட் சாஜா." குடித்தார், கொஞ்சம்தான்.

'ஆயாக்' என்று தாதி சொன்னது வடபுலத்து வாய்மொழி. எழுத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு முடிவு. அதைப் பிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை என்றார். இரத்தம் எடுத்து முடிந்ததும், இனி உடனே சாப்பிடலாமா என்று தானாகவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது ஒரு படி மேல் என்று நான் எப்போதும் கருதுவேன். அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டேன்.

'ரூமா சாயா' இப்போது பத்துக்கு எட்டு முறை சரியாக வருகிறது. நான்காம் மாதத்துக்குப் பிறகு மெல்லத் திருத்தத் தொடங்கினேன். அதற்குள் திருத்தத்தைத் தாங்கும் அளவுக்குப் பேச்சு கெட்டிப்பட்டிருந்தது. சொல்லின் முதலெழுத்தே உருமாறும் இடங்கள் இன்னும் தடுக்குகின்றன. 'சாப்பு', பெருக்குவது, முன்னொட்டு சேர்ந்தால் 'மெஞாப்பு' ஆகிவிடும். சகரம் காணாமல் போகும்.

இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் தொலைந்துபோகிறார். தொலைபேசியும் கடினம், முகமும் உதடும் தெரியாததால் பாதி கைவிட்டுப் போகிறது. மருந்தகத்திலிருந்து தேதி மாற்றச் சொல்லி அழைப்பு வந்தால் இப்போதும் கணவரிடம் கொடுத்துவிடுகிறார். அடுத்த திங்கள் முதல் பக்கத்து வீட்டு அம்மையார் பதிவு அனுப்பப் போவதில்லை. குறித்த நேரம் எதுவும் சொல்லாமல், வாரத்தில் இரண்டு முறை அவரே தொலைபேசியில் அழைத்து ஒரு நிமிடம் பேசுவார். என் மாணவி அந்த அழைப்புகளைப் பதிவுசெய்து, பழையபடி புதன்கிழமை என்னிடம் கொண்டுவருவார்.